மாட்டுப்பட்டியில் ஒன்பது பிள்ளைகள்

புதுச்சேரிப் பக்கம், பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்றில், கொம்யூன் என்று நாங்கள் சொல்லும் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தாவாக நான் ஒன்பது வருஷம் இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்களின் வாரிசுகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் குப்புவைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் என் லட்சணத்தையும் சேர்த்து எழுதாமல் அவள் கதையை எழுத முடியாது போலிருக்கிறது.

1958, ஐப்பசி மாதம். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. தூறலில் நனைந்துகொண்டே வந்து சைக்கிளை ஆபீஸ் சுவரில் சாய்த்தேன். பட்டிக் காவல்காரன் நடேசன் தலையில் கையை வைத்தபடி நின்றிருந்தான்.

"ஐயா, நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பட்டியில கொயந்தைங்கள கொண்டாந்து அடைச்சிட்டாங்க."

எங்கள் ஆபீசுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி இருந்தது. அடுத்தவன் பயிரை மேய்ந்த ஆடு மாடுகளைப் பிடித்து வந்து அடைக்கும் இடம். சொந்தக்காரன் வந்து தண்டம் கட்டி மீட்டுப் போகும்வரை அவை அங்கேயே கிடக்கும். நாலு பக்கமும் சுவர், மேலே நல்ல ஓடு, மூலையில் சிமெண்டுத் தொட்டி. என்னுடைய மேசைக்கு மேலே ஒழுகியது. பட்டி ஒழுகியதில்லை.

போய்ப் பார்த்தேன். சாணத்தை வாரி, தரையைக் கழுவி, புது வைக்கோல் பரப்பியிருந்தது. அதன்மேல் எட்டுப் பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்பதாவது, குப்புவின் மடியில். அது அவள் மகள் அம்சவள்ளி, எட்டு மாதம். குப்பு கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகளுக்கு வைக்கோலில் பொம்மை முடைந்துகொண்டிருந்தாள்.

"என்ன வேலை இது? இது ஆடு மாடு அடைக்கிற இடம்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க. ஊரான் நெலத்துல கேப்பாரு இல்லாம கெடக்கறத புடிச்சாந்து அடைக்கிற எடம். இதுங்களும் ஊரான் வரப்புலதான் கேப்பாரு இல்லாம கெடக்குதுங்க. புடிச்சாந்து அடைச்சிட்டேன்."

நடேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு வந்து மீட்டுக்கினு போறது?"

"பொழுது சாய அவங்கவங்க ஆத்தா வருவா. அதுவரைக்கும் தண்ணி காட்டணும், வெய்யிலு மழ படாம வெக்கணும். அப்படித்தான சட்டம்?"

அப்படித்தான் சட்டம். அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டியவனே நான்தான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஏதோ சரியில்லை என்று பட்டது. எட்டுக் குழந்தைகள் கிடக்கின்றன, கதவு வழியாக மழைச் சாரல் அடிக்கிறது, ஒன்றுகூடச் சிணுங்கவில்லை. என் வீட்டில் இரண்டு இருந்தன. ஒரு கொசு கடித்தால் தெருவையே எழுப்பும்.

குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கினேன். தலை துவண்டு என் கையில் விழுந்தது. வாயருகே முகர்ந்தேன். சாராய வாடை.

அடுத்ததை முகர்ந்தேன். அதற்கடுத்தது. எட்டும் அப்படியே. நடேசனை மேரைக் கூட்டி வரச் சொல்லி ஓட விட்டேன். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் கொம்யூன் தலைவரை நாங்கள் மேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு குப்புவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். பாவி என்றேன், போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றேன்.

நான் முடித்ததும், முடைந்த பொம்மையை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"துணித் திரிய கருப்பட்டித் தண்ணியில நனச்சி, சாராயம் ரெண்டு சொட்டு வுட்டு வாயில வெப்பாங்க. எல்லாரும் குடுக்கறதுதான். குடுக்கலன்னா அது அழுவும். அழுதா எழுந்து போவணும். ஒருத்தி எழுந்தா வரிசையே கோணிடும். கோணுனா நெலத்துக்காரரு நாளைக்கு வராதன்னுடுவாரு. இன்னிக்கு குடுக்காதீங்க, நான் வேலைக்குப் போவாம காவலு இருக்கேன்னு ஒவ்வொருத்தி கிட்டயும் சொன்னேன். கை பழகிப் போச்சி, கேக்கல. எம்மவளப் பாருங்க, முழிச்சிக்கினு இருக்குது."

"இது விஷம்னு தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுங்க. எம் பையன் அப்படித்தான் செத்தான்."

நாளைக்கும் மழை இருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அந்தக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைக் கீழே கிடத்தவும் தோன்றவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன வருசம் சித்திரை. வீரப்பனுக்குப் பத்து மாசம். பனமரத்து நெழல்ல துணிய விரிச்சிப் போட்டுட்டு எறங்குனேன். ரெண்டு தரம் நிமிந்து பாத்தேன். சத்தம் இல்ல. நல்லா தூங்கறான்னு நெனச்சேன். பனமரத்து நெழலு எவ்ளோ அகலம் இருக்கும் ஐயா? அது நவுந்து போயிடுச்சி. இவன் போட்ட எடத்துலயே கெடந்தான். வெய்யிலு சுட்டா எந்தக் கொயந்தையும் அழும். இவனுக்கு அழுவற தெம்பு இல்லாம நான்தான பண்ணி வெச்சேன்." பிறகு, "எம் புருசனுக்கு இது தெரியாது. வண்டிக்குப் போயிட்டு வந்தாரு. காய்ச்சல்னு சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க," என்றாள்.

குப்பு என்று பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. அவளுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதையாவது எமன் வேண்டாத பொருள் என்று விட்டுவிடட்டும் என்று குப்பை மேட்டில் புரட்டி எடுத்துப் பெயர் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். நான் பார்த்த காலத்தில் இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும். புருஷன் ஆதிமூலம் தவளக்குப்பம் பக்கம் செங்கல் வண்டி ஓட்டினான். குடிக்கிறவன்தான், ஆனால் கை நீட்டமாட்டான். இருபது பெண்களைச் சேர்த்து நடவுக்கு அழைத்துப் போவது குப்புவின் வேலை. ஆள் வேண்டுமென்றால் நிலத்துக்காரர் அவளிடம்தான் சொல்ல வேண்டும். வாய்த்துடுக்குக்காரி என்று ஊரில் பெயர். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு வாய் யாருக்கும் இருந்ததில்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையனைப் புதைத்த எட்டாம் நாள் அவளுடைய வெள்ளாடு யாரோ வீட்டு உளுந்தை மேய்ந்து பட்டிக்கு வந்துவிட்டது. மீட்க வந்தவள் உச்சி வேளையில் இந்தக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். ஆடு ஓட்டுக்கூரைக்குக் கீழே குளிர்ச்சியாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நடேசன் தொட்டியில் தண்ணீர் ஊற்றினான். ஏன் இப்படிக் கவனிக்கிறாய் என்று கேட்டதற்கு, கதவில் இருப்பதைக் காட்டி, கவனிக்காவிட்டால் என் வேலை போய்விடும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"ஆட்டக் கயித்தப் புடிச்சி இழுத்துக்கினு வூட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு ஒண்ணும் புரியல ஐயா," என்றாள். "ராத்திரி கஞ்சி ஊத்தும்போதுதான் ஒறச்சிது. கையில இருந்த குண்டான் கீழ வுழுந்துடுச்சி."

அதிலிருந்து ஒன்றரை வருஷம் இதே நினைப்பாக இருந்தவள், அம்சவள்ளி வரப்பில் தவழ ஆரம்பித்ததும் இந்தக் காரியத்தைச் செய்துவிட்டாள்.

மேர் சிவப்பிரகாசம் குடையோடு வந்தார். கெட்டவர் இல்லை. எந்தக் கடிதத்துக்கும் பதில் போடுவார், எதற்கும் முடியாது என்று போடுவார். குழந்தைகளைப் பார்த்து முகம் வெளுத்தது. டாக்டரை அழைத்துவர ஆளை அனுப்பினார். எட்டும் சாயங்காலத்துக்குள் கண் விழித்தன. அதற்கு முன்பே அவருக்கு அவருடைய பழைய நிறம் திரும்பிவிட்டது.

"பிள்ளைங்கள வச்சிப் பாத்துக்க ஒரு கட்டடம் வேணுங்க," என்றாள் குப்பு. "பட்டி மாதிரி இருந்தா போதும்."

"கட்டடம்னா சும்மாவா? பிளாக் ஆபீசுக்கு எழுதணும். காரணம் காட்டணும். இந்த ஊர்ல பிள்ளைங்க சாவுதுன்னு எந்த ரெக்கார்டு சொல்லுது?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். ரெக்கார்டு என்னுடையது.

மறுநாள் நான் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் பிரெஞ்சில்தான் எழுதினோம். பிரெஞ்சுப் பதிவில் ஒருவர் எதனால் செத்தார் என்று எழுத இடம் கிடையாது. நாள், மணி, இடம், பெயர், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். மூன்று வயது நிரம்பாதவர்களை மட்டும் தனித்தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். நாலு வருஷத்தில் முப்பத்தெட்டு. பாதிக்கு மேல் நடவு மாதத்திலோ அறுப்பு மாதத்திலோ. அவற்றிலும் பதினேழு, பகல் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்.

பிறகு இடத்தைப் பார்த்தேன். பதினேழிலும் ஒரே வாசகம்: தன் இல்லத்தில். என் கையெழுத்து. வளைத்து வளைத்து, அழகாக.

நடவு நாளில் உச்சி வேளையில் இந்தப் பெண்கள் குடியிருக்கும் சேரியில் ஒரு வீட்டிலாவது ஆள் இருக்குமா? எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், நாய்கூட வயலுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் பதினேழு குழந்தைகள் வீட்டில் செத்தன என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அப்பன்காரன் வருவான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். எப்போது என்று கேட்பேன், சொல்வான். எங்கே என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் கற்றுக்கொடுத்த வாசகத்தை என் பேனா தானாக எழுதிவிடும். எனக்கு முன் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். வீரப்பனுடைய பதிவும் இருந்தது. பிற்பகல் இரண்டரை, தன் இல்லத்தில், ஆதிமூலத்தின் கைரேகை. மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மேர் வந்து கூப்பிட்டது எனக்குக் காதில் விழவில்லை.

அந்தக் கணக்கோடு பிளாக்குக்கு எழுதினோம். மழை முடிந்து தையில் ருக்குமணி என்ற பெண் அதிகாரி வந்தார். பள்ளிக்கூட வாசலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். அறுபது பெண்கள் இருக்கும். வேலிக்கு வெளியே ஆண்கள். ஆதிமூலம் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றான்.

ருக்குமணியம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "கணக்கைப் பாத்தேன். நோய்ல செத்தா மருந்து அனுப்பணும், வரப்புல செத்தா கட்டடம் கட்டணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும். குழந்தைங்களுக்குச் சாராயம் குடுக்கறீங்களா?"

முன்வரிசையில் இருந்த தெய்வநாயகிதான் முதலில் பேசினாள். அன்று பட்டியில் கிடந்த எட்டில் ஒன்று அவள் பிள்ளை. "பெத்த புள்ளைக்கு யாராவது சாராயம் குடுப்பாங்களாம்மா? சாமி சத்தியமா இல்ல." சரிதான், சரிதான் என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி நோட்டில் எதையோ எழுதினார். நான் குப்புவைப் பார்த்தேன். இல்லை என்று எழுதிக்கொண்டு அந்த அம்மாள் ஜீப்பில் ஏறிவிட்டால் கட்டடம் அதோடு போயிற்று. வருகிற சித்திரைக்கும் அம்சவள்ளி வரப்பில்தான் கிடக்க வேண்டும்.

குப்பு எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே பார்த்துத்தான் பேசினாள்.

"நான் குடுத்தேன். வீரப்பனுக்குக் காய்ச்சல் இல்ல. நீ பாட்டில்ல வெச்சிட்டுப் போனதுல ரெண்டு சொட்டு ஊத்தி வாயில வெச்சேன். வரப்புல வெய்யில்ல போயிட்டான். தூக்கியாந்து வூட்ல படுக்க வெச்சிட்டேன். ஒன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

ஆதிமூலம் சக்கரத்திலிருந்து நிமிர்ந்தான். அடிக்க வருவான் என்று நினைத்து இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் அவர்களையும் பார்க்கவில்லை. கையை உதறிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்து போய்விட்டான். பூட்டிய மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஒரு வண்டிக்காரன் போய் நான் பார்த்ததில்லை. இருட்டும்வரை மாடுகள் அங்கேயே நின்றன. பட்டியில் கட்டட்டுமா என்று நடேசன் கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, ஆனாலும் அவனை அடிக்கலாம் போல இருந்தது.

பெண்கள் குப்புவைச் சும்மா விடவில்லை. ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார்கள். அவள் கூப்பிட்ட வேலைக்கு ஒருத்தியும் போகவில்லை. ஒருத்தியின் வாக்குமூலத்தை வைத்து என்ன செய்வது என்று ருக்குமணியம்மாளும் கையை விரித்துவிட்டார். நான் குப்புவின் கண்ணில் படாமல் வேறு தெரு வழியாகச் சைக்கிளில் போய்வந்தேன்.

ஆறாம் நாள் என் ஜன்னலுக்கு வெளியே தெய்வநாயகி வந்து நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள்.

"ஐயா, அந்தப் பெரிய நோட்டுல எம் பெரிய பொண்ணு எங்க செத்தான்னு எழுதியிருக்குது?"

தேடிப் படித்தேன். "வீட்லன்னு இருக்கு."

"வூட்லயா?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வூட்ல இல்லியே. களத்து மேட்ல, வெக்கப்போரு ஓரமா. நான் கருக்கருவா புடிச்சிக்கினு இருந்தேன். மாத்தி எழுது ஐயா."

கோர்ட் தீர்ப்பு இல்லாமல் பதிவேட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். பெயர், வயது, பதிவில் உள்ள இடம், உண்மையான இடம் என்று கோடு போட்டு எழுதினேன். அவள் ரேகை வைத்தாள்.

அவள் போய் யாரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த நாள் நாலு பேர். எல்லோரும் ஆபீஸ் வாசலுக்கு வராமல் அந்த ஜன்னலுக்கே வந்தார்கள். ஏரிக்கரைச் சரிவு. மடைக்குப் பக்கத்து மேடு. நாற்றங்கால் வரப்பு, மழையில். எப்படி என்று நான் கேட்கவில்லை. இந்த முறை எங்கே என்று மட்டும்தான் கேட்டேன். ஒவ்வொருத்திக்கும் அந்த இடம் அடி பிசகாமல் நினைவிருந்தது. மரம், அதிலிருந்து எத்தனை எட்டு, எந்தத் துணியில் போட்டது என்று சொன்னார்கள். பத்து நாளில் பதினாறு.

பதினேழாவதாக ஆதிமூலம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஏரிக்கரைக்குப் போனவன் அன்றைக்கே வீடு திரும்பினான், ஆனால் அவளிடம் பேசவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

"அந்த நோட்டுல நான்தான் ரேகை வெச்சேன். இதுலயும் நானே வெக்கறேன்."

"எந்த இடம்னு எழுதணும், ஆதிமூலம்."

"எனக்குத் தெரியாதுங்க." திரும்பித் தெருவைப் பார்த்தான். வேப்பமரத்தடியில் குப்பு அம்சவள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவளக் கேட்டு எழுதிக்குங்க. கூட்டியாந்திருக்கேன்."

குப்பு வந்து சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ரேகை வைத்தான்.

மேர் அந்தத் தாளை நின்றபடி வாசிக்க ஆரம்பித்தவர், பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முதல்முறையாக ஒரு எழுத்தும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். பிளாக்கிலிருந்து அனுமதி வந்தது. அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஆனது. அந்த இரண்டு சித்திரையும் ஒரு ஐப்பசியும் பட்டியில்தான் பிள்ளைகளை வைத்தோம். மாடு வந்தால் ஆபீஸ் முன்னால் கட்டினோம். கவர்மெண்டு ஜீப் வந்து போக வசதியாக ரோட்டோரம் கட்டலாம் என்றார் மேர். வயலை ஒட்டித்தான் வேண்டும் என்று குப்பு ஒரே பிடியாக நின்றாள். வயல் பக்கச் சுவர் இடுப்பளவுக்குமேல் வரக்கூடாது, கம்பி போட்டால் போதும் என்றாள். சத்தம் உள்ளே வராமல் கட்டச் சொல்வார்கள், வெளியே போகிற மாதிரி கட்டச் சொல்கிறாளே என்று என்ஜினீயர் வியந்தார். செங்கல்லை ஆதிமூலம்தான் ஏற்றி வந்தான்.

1960 ஐப்பசியில் திறந்தார்கள். மாவிலைத் தோரணம், மைக், புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய மனிதர். கட்டடத்துக்குள் இருபத்தாறு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள எல்லம்மாள் என்றொருத்தியும் துணைக்கு இன்னொருத்தியும். அம்மாக்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கியதுதான் தாமதம், உள்ளே ஒன்று ஆரம்பித்தது, பிறகு அத்தனையும். வரப்பில் கிடந்த காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டப்பகலில் அழத் தெம்பு இருந்ததில்லை. பெரிய மனிதர் மைக்கைப் பிடித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் முகம் சுளித்தார். மேர் எல்லம்மாளிடம் பாய்ந்தார். "எதையாவது குடுத்து அடக்கும்மா."

குப்பு நாற்று முடியோடு வரப்பில் நின்றிருந்தாள். "ஒண்ணும் குடுக்கக் கூடாது," என்றாள். "அழுவட்டும் ஐயா. நாங்க கேட்டுக்கினே நடுறோம்."

இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டாள். விழா சுருக்கமாக முடிந்தது. ஜீப் போன பிறகும் நான் அந்த இடுப்பளவுச் சுவரில் சாய்ந்து நின்றேன். மதியம் வரை அழுகை ஓயவில்லை. நடுவில் ஒவ்வொரு முறை அது அடங்கியபோதும், வயலில் இருந்த இருபது பெண்களும் கையில் நாற்றோடு நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். மறுபடி ஒன்று அழுத பிறகுதான் குனிந்தார்கள்.